தீப எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு

என் மனைவியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிக்க வைத்திருந்த தீப எண்ணெயை எடுத்து, அதில் உருளைக்கிழங்கு பொரித்தவன் நான். அவள் போன ஒன்பதாம் நாள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிக்க வைப்பவன் என்று சொந்தத்தில் பெயர் வேறு.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவள் வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை. ஒரே மகள் கனடாவில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வருவதாக இருந்தவள் கார்த்திகை மழையில் வந்து இறங்கினாள். அவள் வரும்வரை இரண்டு நாள் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம்.

வந்ததிலிருந்து மகள் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்காருவாள், சோற்றைப் பிசைவாள், அப்படியே எழுந்து போவாள். காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விமானம். இப்படியே அவளை அனுப்பிவிடுவோமோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. ஏழு வருடமாக அவள் தினமும் போன் செய்வாள். நான் எடுத்தால் மூன்று வாக்கியம்: “நல்லாருக்கியா? சாப்பிட்டியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.” மீதி எல்லாம் அவர்கள் இருவருக்குள். பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் எனக்கு வரும்.

வீட்டை அப்போது நடத்திக்கொண்டிருந்தது என் அக்கா. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்தவள். காரியம் முடியும்வரை துக்க வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, தாளிப்புக்கூடக் கிடையாது. யாராவது மறந்துவிடுவார்கள் என்று சமையல் எண்ணெயை முதல் நாளே அக்கா எங்கேயோ ஒளித்துவிட்டாள். யாராவது என்றால் நான்தான்.

ஒன்பதாம் நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனது, மத்தியானம் மூன்றாகியும் வரவில்லை. பால் கெட்டுவிடுமே என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேலே ஃப்ரீசரில் பெரிய ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட், பக்கத்தில் ஒரு டப்பா சீஸ். மகள் போன தடவை வந்தபோது செய்து கொடுத்த மாதிரி இந்தத் தடவையும் கொடுக்க மனைவி வாங்கி வைத்தது. பொரித்த கிழங்கின் மேல் சீஸைத் தூவி, சூடான கிரேவியை ஊற்றுகிற அந்தப் பண்டத்தை மகள்தான் வீடியோ காலில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். “மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு” என்று நான் சொன்னதும், அதற்கு மனைவி கரண்டியை ஓங்கிக் காட்டியதும் ஞாபகம் இருந்தது.

பாக்கெட்டைத் தொட்டேன். இளகத் தொடங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் கூழாகிவிடும். அவள் வாங்கி வைத்ததைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மகள் அறைக்குள் படுத்திருந்தாள். எண்ணெயைத் தேடினேன். பரணில் இல்லை, அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. மனைவியின் படத்துக்குக் கீழே, முக்காலிக்கு அடியில் மஞ்சளாக ஒரு கேன் இருந்தது. அடடா, அக்கா எவ்வளவு கெட்டிக்காரி, யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து ஒளித்திருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடி எனக்கு எடுத்துக் கொடுப்பவள் படத்தில் இருந்தாள்.

முதலில் கிரேவி. வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, மைதா போட்டு, தண்ணீர் ஊற்றி, மிளகு தூவிக் கிண்ட வேண்டும். கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. தெருமுனையில் அவளுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டப் பையன்கள் காய்ச்சிய பசை இதைவிடப் பதமாக இருந்தது. அடுத்த அடுப்பில் வாணலியை ஏற்றி எண்ணெயை ஊற்றிப் பாதிப் பாக்கெட்டைக் கொட்டினேன்.

மகள் வந்து வாசற்படியில் நின்றாள்.

“என்னப்பா, கோயில் வாசன வருது?”

“ஃப்ரைஸ்ம்மா. அம்மா வாங்கி வச்சது.”

அவள் கேனை எடுத்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். “அப்பா, இது தீப எண்ணெய். ‘உண்பதற்கு அல்ல’ன்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கு.”

அடுப்பை அணைத்தேன். வாணலியில் கிழங்கு பொன்னிறமாகத்தான் இருந்தது. ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. முதல் முறையாக வரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கண்ணிலிருந்து வடிந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை வெட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அக்கா பையோடு உள்ளே வந்தாள். “ஏன்டா, துக்க வீட்டுல எவன்டா எண்ணெய்ச் சட்டி வச்சது? தெருமுனை வரைக்கும் வீசுது!”

“நான்தான்க்கா.”

“எந்த எண்ணெயில?”

மகள் கேனைத் தூக்கிக் காட்டினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அடப்பாவி, பெத்த புள்ளயையும் சேத்து அனுப்பப் பாத்தியேடா!” என்று சொன்னவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் மகளின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். பாக்கெட்டில் மீதியிருந்ததைப் பார்த்தாள்.

“பாப்பா, இத எண்ணெயிலதான் போடணுமா?”

“தோசக்கல்லுல போட்டாலும் வரும் அத்தை.”

“எண்ணெய்ச் சட்டிதான வைக்கக் கூடாது. தோசக்கல்லுல நெய்ய விட்டா எவ வந்து கேக்கப் போறா?” முந்தானையைச் சொருகிக்கொண்டு அக்கா கல்லைப் போட்டாள். என்னைப் பார்த்து, “நீ தள்ளி நில்லு. எதையும் தொடாத” என்றாள்.

மகள் என் பசையை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்தாள். கொஞ்சம் வெந்நீர், இன்னும் கொஞ்சம் மிளகு. அது கிரேவி மாதிரி ஆனது. நெய்யில் முறுகிய கிழங்கைத் தட்டில் பரப்பி, சீஸைத் துருவிப் போட்டு மேலே ஊற்றினாள். சீஸ் இழுபட்டு உருகியது.

கரண்ட் இல்லாததால் பின்வாசலில் உட்கார்ந்தோம். தூறல் விட்டிருந்தது. ஒரே தட்டு. மகள் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். நான் பார்க்காத மாதிரி கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் முள்கரண்டி உரசுகிற சத்தத்தை எண்ணாமல் எண்ணினேன்.

“அம்மா பண்றதுல பாதிகூட இல்லப்பா” என்றாள். ஆனால் தட்டைக் காலி செய்தாள். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, “இதுக்கா கனடா போனே?” என்று கேட்டுவிட்டு இரண்டாவதையும் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மகள் ரசம் சோறு கேட்டாள். பதினாறு முடிந்தது. அவளைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். அக்காவும் ஊருக்குப் போனாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“நல்லாருக்கியாம்மா? சாப்பிட்டியா?” என்றேன். பிறகு வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

போனை நீட்டியபடி எழுந்தே விட்டேன். எதிரே படமும் விளக்கும். மெதுவாகப் போனைக் காதுக்குக் கொண்டுவந்தேன். அவள் வைக்காமல் இருந்தாள்.

“குடுக்க ஆளில்லப்பா” என்றாள். “நீங்களே பேசுங்க.”