அம்மாக்கண்ணு அக்காவுக்குப் போட்ட பிடி

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பாதையில், தராசு கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடம் வந்ததும் எங்கள் நடை தானாகக் குறையும். முன்னால் போகிறவள் தலைச்சுமையை இறக்கி, கயிற்றைத் தளர்த்தி, சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளுவாள். ஓரமாக நிற்பவரின் சாக்கில் அதைப் போட்டுவிட்டு நடப்பாள். அடுத்தவளும் அப்படியே செய்வாள். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கங்காணி ஆண்டியப்பனுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் வெற்றிலை ஞாபகம் வரும். முதுகைக் காட்டி நின்று, சுண்ணாம்பு தடவி, நிதானமாக மடித்து வாயில் வைப்பார். அவர் திரும்பும்போது நாங்கள் மடுவத்தை நெருங்கியிருப்போம்.

இதைப் பிடி போடுவது என்போம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்தெடுக்க வந்த காலத்திலிருந்து பார்த்த வழக்கம். தோட்டம் கேட்கும் நிறை இருந்தால்தான் முழுப்பேர், அதாவது அன்றைய முழுச் சம்பளம் விழும். குறைந்தால் அரைப்பேர்தான். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சலோடு வந்தவள், வீட்டில் சாவு நடந்து கை ஓடாமல் நின்றவள், இவர்களுடைய சாக்கு இலேசாகத்தான் இருக்கும். அதைப் பிடி போட்டுச் சரிக்கட்டுவோம். யாரும் கேட்டு வாங்குவதில்லை. யாருக்குப் போட வேண்டும் என்பது காலையில் தேயிலை நிரையில் நிற்கும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசிச் சில வருடங்களாக அந்த வளைவில் சாக்கை விரித்துப் பிடித்து நின்றவர் அம்மாக்கண்ணு அக்கா.

லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். கட்டிக்கொண்டதும் இதே தோட்டத்தில், பக்கத்து லயத்தில், அதாவது அடுத்த வீட்டு வரிசையில். "நா கல்யாணங்கட்டிப் போன தூரத்துல கோழிகூட வழி தவறாது" என்று சொல்லிச் சிரிப்பார். கணவர் செல்லசாமி தொழிற்சாலையில் வேலை செய்தவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள் லோஜினி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள்.

ஒரு காலத்தில் குழுவிலேயே வேகமான கை அக்காவுடையதுதான். அவருடைய நிரை முடிந்த பிறகும் மற்றவர்கள் பாதியில் நிற்பார்கள். சாக்கை ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்தங்கியவளின் நிரைக்குள் இறங்கிவிடுவார். எங்கள் குழுவில் இருந்த காளியாயி இரண்டாவது பிள்ளையைச் சுமந்த மாதங்களில் அவளை முழுப்பேரில் வைத்திருந்தது அக்காவின் கொழுந்துதான். "அக்கா போடுறது பிடியா? அது ஒரு கூடையாக்கும்" என்று காளியாயியே சொல்லுவாள்.

பிறகு ஒரு ஆனி மாத மழையில், சாக்கோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். தோள் எலும்பு இறங்கி, சேர்த்துக் கட்டி, ஆறிய பிறகும் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. பாரமில்லாத வேலை செய்யச் சொன்னார் டாக்டர். அப்படி ஒரு வேலை தோட்டத்தில் காலியாக இல்லை. மகள் கொழும்புக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். அக்கா போகவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்றார்.

"அங்க போயி செவுத்தப் பாத்துக்கிட்டு என்னத்தடி செய்ய?" என்றார் என்னிடம். "இங்கன்னா என்னையத் திட்டவாவது நாலு பேரு இருக்கீங்க. பென்சன் எடுக்குற வரைக்கும் உங்க மத்தியிலயே ஓட்டிட்டுப் போயிருவேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆண்டியப்பன் அவருக்குப் பாதையோரத்துப் பதிந்த செடிகளைக் கொடுத்தார். முதல் நாள் வளைவில் அக்கா நிற்காமல் நடந்தார். காளியாயி பின்னாலிருந்து அவருடைய சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கக்கா ஓடுறீங்க? மடுவத்துல மாலையும் கையுமா நிக்கிறாங்களா?"

அக்கா நின்றார். சாக்கின் வாயை விரித்தார். அன்று தொடங்கிய பிடி வருடக்கணக்காக நடந்தது.

போன வருடத்துக்கு முந்திய வருடம் லக்சனா மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. தோட்டத்தை நடத்தும் துரையே பெரட்டுக்கு வந்து அறிமுகம் செய்தார். ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் எப்படி ஒரு சமூகமாக ஆகிறார்கள், அதில் ஒருவர் சேர்ந்தவராவது எப்படி என்று ஆராய வந்திருக்கிறாராம். நல்ல பிள்ளை. அட்டை கடித்து இரத்தம் வழிந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். எங்களோடு நின்று கொழுந்தும் எடுத்துப் பார்த்தார்.

"மிஸ், நீங்க எடுத்தத அடுப்புக்கு வச்சுக்குவோம்" என்றாள் காளியாயி. "பூரா கம்பு."

மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கேள்வி கேட்டால், "எல்லாம் ஒத்துமையாத்தான் இருக்கோம் மிஸ்" என்று முடித்துவிடுவோம். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டார்.

"'இந்தக் குழுவில நானும் ஒராள்' எண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"பெரட்டுல பேரு கூப்பிட்டப்ப தெரிஞ்சிச்சு" என்றாள் காளியாயி. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது. ரொட்டியைத் தின்று முடித்தார். பிறகு, மற்றவர்கள் எழுந்து நிரைக்குப் போனதும், மிஸ்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிடியைப் பற்றிச் சொன்னார். அடுத்த நிரையில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. காளியாயி சாக்கைப் பிடித்து இழுத்ததைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது.

"அன்னைக்குத்தான் மிஸ் தெரிஞ்சிச்சு. கை போச்சு, ஆனா நா இவளுகள்ல ஒருத்தின்னு."

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண் கலங்கியிருந்தது. "உங்கட பேரோ தோட்டத்தின்ர பேரோ ஒரு இடத்திலயும் வராது அம்மா" என்றார்.

"வந்தா என்னா மிஸ்? நல்லதத்தான சொல்றேன். நாளைக்கி வளைவுல நில்லுங்க, பாப்பீங்க."

மறுநாள் மிஸ் வளைவில் நின்றார், கையில் போனோடு. எங்களுக்குக் கை கூசியது. இருந்தாலும் போட்டோம். காளியாயி இரண்டு பிடி போட்டாள். "படத்துல நல்லா நெறவா விழட்டும்" என்று சொல்லிவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். ஆண்டியப்பனுக்கு அன்று வெற்றிலை மடிக்கத் தோன்றவில்லை.

"மிஸ், இதெல்லாம் ஆபீசுக்குப் போகாதுதான?"

"இல்லை ஐயா. இது ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்."

மிஸ் பொய் சொல்லவில்லை. பெயர் எதுவும் எழுதவில்லை என்றுதான் பிறகும் சொன்னார். ஆனால் படிப்பு முடிந்ததும், எங்களிடம் வாங்கியதை எங்களிடமே திருப்பிச் சொல்லாமல் போவது சரியில்லை என்று நினைத்திருக்கிறார். தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் வைத்தார். அனுமதி கொடுத்தவர் என்பதால் துரையையும் அழைத்தார். துரை முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் கள உத்தியோகத்தர்.

சுவரில் படங்கள் ஓடின. முகங்கள் இல்லை, கைகள் மட்டும். சாக்குக்குள் இறங்கும் கை, பிடியோடு வரும் கை, சாக்கை விரித்துப் பிடித்திருக்கும் கை. அக்கா என்னை முழங்கையால் இடித்தார்.

"எங் கையி வளவி தெரியுதா பாரு."

இந்தப் பிடிதான் இவர்களை ஒரு சமூகமாக வைத்திருக்கிறது, நிர்வாகம் இதை மதித்துக் காக்க வேண்டும் என்று மிஸ் பேசி முடித்தார். முதலில் கைதட்டியவர் துரைதான்.

அடுத்த வாரமே மடுவத்து நிறுவை நின்றது. கள உத்தியோகத்தர் கொக்கித் தராசோடு நிரை நிரையாக வந்தார். எடுத்தவளின் காலடியிலேயே நிறுத்து, சாக்கைக் கட்டி, இலக்கத் துண்டு கோத்துவிட்டுப் போனார். ஆண்டியப்பனை மேற்பிரிவில் புல்வெட்டும் ஆட்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரையும் யாரும் ஏசவில்லை. பெரட்டில் கள உத்தியோகத்தர் சொன்னது இவ்வளவுதான்:

"அவங்கவங்க உழைப்பு அவங்கவங்களுக்கே சேரணும். அதுதான நியாயம்?"

சாக்கை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனோம்.

அன்றே அக்காவுக்கு அரைப்பேர் விழுந்தது. மறுநாளும் அரைப்பேர். தேத்தண்ணி நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

"நா நல்லதுன்னுதானடி சொன்னேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நல்லதுதான்" என்றாள் காளியாயி. "நல்லா வெளக்கமாச் சொன்னதுனாலதான் துரைக்கும் நல்லா வெளங்கிருச்சு. பாவம் கங்காணி அண்ணே, இந்த வயசுல மேமலைக்கு ஏறி எறங்குறாரு."

"ஒனக்கு நா போட்டது மறந்துருச்சா?"

"மறக்கல. அத நா எவகிட்டயும் போயி சொல்லல பாருங்க."

அதற்குப் பிறகு அக்காவின் போத்தலிலிருந்து யாரும் தேத்தண்ணி ஊற்றவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. அவர் உட்காரும் பக்கத்தில் மெதுவாக இடம் விரிந்துகொண்டே போனது.

இன்னொன்றும் நடந்தது. அதை எங்களில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நிரையிலேயே நிறுக்கத் தொடங்கியதும், எங்களில் பலருக்கு நிறை கூடியது. தோட்டம் கேட்கும் நிறைக்கு மேல் வருவதற்குத் தனியாகக் காசு உண்டு. முன்பு வளைவில் கொட்டிக்கொண்டிருந்தது இப்போது சாக்கிலேயே இருந்தது.

"எங்கிட்ட இவ்வளவு இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது" என்றாள் காளியாயி ஒருநாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் அந்தத் தராசு நனைந்து பழுதானது. திருத்த அனுப்பினார்கள், வரவில்லை. கள உத்தியோகத்தரும் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பழையபடி மடுவத்திலேயே நிறுக்கச் சொன்னார்கள். புதிய கங்காணி இளவட்டம், எந்நேரமும் போனில் பேசிக்கொண்டு எங்களுக்கு வெகுதூரம் பின்னால் வருவான். பிடி போடக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அந்த முதல் நாள், வளைவுக்கு முன்பே அக்கா வேகமாக நடந்து முன்னால் வந்துவிட்டார். வழக்கமான இடத்தில் ஓரமாக நின்று, சாக்கை இறக்கி, கயிற்றைத் தளர்த்தினார். வாயை விரிக்கவில்லை, தளர்த்தி மட்டும் வைத்தார். காளியாயி முன்னால் போனாள். அவளுடைய நடை கொஞ்சம் குறைந்தது. தலையிலிருந்த சாக்கை இரண்டு கையாலும் சரிசெய்துகொண்டாள். பிறகு நடந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் போனவளும் நடந்தாள். அப்படியே எல்லோரும் நடந்தோம். எல்லோரும் கடந்த பிறகு அக்கா கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைசியாக மடுவத்துக்கு வந்தார். அரைப்பேர் விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் வளைவில் நிற்கவில்லை.

செய்தி எப்படியோ போய், தை மாதம் லக்சனா மிஸ் அக்காவைத் தேடி லயத்துக்கு வந்தார். அக்கா வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் ஒட்டியிருப்பவை. மிஸ் அழுதார்.

"நான் நல்லதுக்குத்தான் காட்டினனான் அம்மா. நான் துரையோட கதைக்கிறன். திரும்ப ஒரு கடிதம் எழுதிக் குடுக்கிறன்."

"இனி ஒண்ணும் எழுதாதீங்க மிஸ்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "துரை தராச எப்பவோ எடுத்துட்டாரு. இவளுக கையத் துரையா புடிச்சு வச்சிருக்காரு? தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

மிஸ் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் துணி காயப்போடுவது போல் திரும்பிக்கொண்டேன். அவர் பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அக்கா தானாகவே வேலையை விட்டார். பென்சனுக்கு இன்னும் காலம் இருந்தது. பெரட்டில் இரண்டு நாள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், மூன்றாம் நாள் கூப்பிடவில்லை. எங்களில் யாரும் போய், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று தெரியும்.

இப்போது அம்மாக்கண்ணு அக்கா தலவாக்கலைப் பக்கம் ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பாத்திக்குக் களை எடுக்கப் போகிறார். இடது கையால் செய்யக்கூடிய வேலை. அங்கே அவர் ஒருவர்தான் வேலைக்கு. லயத்து அறையில் இன்னும் இருக்கிறார். வேலையை விட்டவரை எவ்வளவு காலம் இருக்க விடுவார்கள் என்று தெரியாது. வழியில் கண்டால் மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். எங்கள் குழுவில் கல்யாணமாகி வந்த புதிய பெண் ஒருத்தி இப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு அரைப்பேர் விழுகிறது.