இரைச்சலுக்குள் ஒரு நர்ஸின் குரல்

எழுத ஆள் கிடைக்காததால்தான் எலக்ட்ரீஷியன் தன் அக்காவை ஒத்திகைக்குக் கூட்டிப் போனான். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ சங்கத்தில் வழக்கமாகக் குறிப்பெழுதுபவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். அக்கா மில்லில் இருபத்தெட்டு வருஷம் தறி ஓட்டி ஓய்வு பெற்றவள். தறிச் சத்தத்தில் அவள் காது எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். தம்பிதான் அதில் முதல் ஆள். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

வெள்ளம் வந்து, போனும் கரண்டும் போய்விட்டதாக வைத்துக்கொண்டு நடத்தும் ஒத்திகை. பள்ளிக்கூட ஆய்வகத்து மேஜையில் ரேடியோ, கீழே கார் பேட்டரி, கூரைமேல் ஆன்டெனா. பத்தரை மணிவரை எல்லாம் ஜோராக ஓடியது. அப்புறம் சங்கத் தலைவரான பல் டாக்டர், குன்றின்மேல் இருந்துகொண்டு எல்லார் பேச்சையும் வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை அணைக்கச் சொல்லிவிட்டார்.

"நிஜ வெள்ளத்துல அது மட்டும் நமக்காக நிக்குமா?" என்றார்.

குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் கைக்கருவியோடு நின்றிருந்தாள். அவள் முறை வந்தபோது இங்கே வெறும் இரைச்சல்தான் கொட்டியது. தம்பி குமிழைத் திருகிப் பார்த்தான், ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தான். ஊஹூம்.

"ஒண்ணும் தேறாதுக்கா. செய்தி வரலைன்னு எழுதிக்க."

"சும்மா இருடா. அவ பேசிட்டிருக்கா."

அக்கா ரேடியோப் பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடியும் திறந்தும் இரண்டு நிமிஷம் எழுதினாள். பின்வரிசையில் யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள். தம்பிக்கு மானம் போயிற்று.

மத்தியானம் நர்ஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். டாக்டர் அவள் பார்த்து வாசித்த தாளையும் அக்காவின் நோட்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தார். காயம்பட்டவர்கள் பதினேழு. ஸ்ட்ரெச்சர் நான்கு. பாலத்து வழி வேண்டாம், மேட்டு வழியாக வரவும். சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. இன்சுலின் எத்தனை பாட்டில் என்ற இடத்தில் மட்டும் அக்கா வெற்றிடம் விட்டிருந்தாள். தாளில் 'ஆறு' என்றிருந்தது.

"அப்பாடா, ஒண்ணாவது விட்டாங்களே!" என்றது பின்வரிசை.

நர்ஸ் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த இடத்துல எனக்குத் தும்மல் வந்துச்சு சார். பேசறப்ப அழுத்திப் பிடிக்கிற பட்டனை விட்டுட்டேன். 'ஆறு' இங்க வந்திருக்கவே முடியாது."

தம்பி நோட்டை வாங்கி அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவனாக இருந்தால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பான்.

"எப்படிக்கா?"

"என்னடா எப்படி? அங்க நூத்திருபது தறி ஓடும். கடைசி வரிசையில ஒருத்தி நூல் அறுந்துபோச்சுன்னு கத்துவா. கேக்கலைன்னா அவ்வளவு துணியும் போச்சு. கேட்டுத்தானே ஆகணும்?"

அடுத்த ஒத்திகையில் ஹெட்ஃபோன் அக்கா காதில் இருந்தது, தம்பி குறிப்பெழுதினான். ரேடியோ உரிமத் தேர்வில் முதல் தடவை மின்சாரக் கணக்கு அவள் காலை வாரியது. இரண்டாம் தடவை தேறிவிட்டாள். உரிமத்தோடு கிடைத்த சொந்த அழைப்புக்குறியைச் சொல்லி அவள் முதன்முதலாகக் கூப்பிட்டபோது, எதிர்முனையில் தம்பிதான் இருந்தான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பதில் சொல்ல மறந்துபோனான்.

"டேய், இருக்கியா?" என்றாள் அக்கா.