பிணவறையில் நான்கு டிகிரி

தான் எழுதிய நிரலில் தப்பு இருக்கும் என்று போக்குவா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒயரைச் சொல்வாள், கரண்டைச் சொல்வாள், எலியைக்கூடச் சொல்வாள். கானாவின் குமாசி நகரில், சுவாமே வண்டிப் பட்டறைகளுக்கு நடுவில், பன்னிரண்டு வருஷமாக அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சால்டரிங் செய்கிறவன் நான். அவள் கெட்டிக்காரத்தனமும் தெரியும், வீம்பும் தெரியும்.

குஞ்சு பொரிக்கும் பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று எதுவானாலும், அதை ஆட்டிவைக்கும் நகம் அளவு சில்லுக்கு அவள்தான் நிரல் எழுதுவாள். நாலு மாதம் முன்பு ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையின் குளிர் அறைக்கும் எழுதிக் கொடுத்தாள். குளிர் நாலு டிகிரியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நின்றது. சில நாள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போய், உள்ளே இருந்தவர்கள் கல்லாகிப் போனார்கள். குளிப்பாட்டி, சடங்குக்கான கெண்டேத் துணி உடுத்திக் கட்டிலில் கிடத்த வந்த குடும்பம், தங்கள் அம்மாவின் கையை மடக்க முடியாமல் முற்றத்தில் நின்று கத்தியது.

பிணவறைக்காரர் அச்சம்போங்தான் மிஷினில் கை வைக்கிறார் என்று நிர்வாகி முடிவு கட்டிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போகட்டும்." இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

திங்கள் முதல் புதன்வரை நானும் போக்குவாவும் வராந்தாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு உடல்கள் வந்தன. அச்சம்போங் கதவைத் திறந்தார், தட்டில் ஏற்றினார், மூடினார். மூன்று நாளும் குளிர் நாலிலேயே நின்றது. புதன் மத்தியானம் நாங்கள் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது.

"நாம இருந்தா ஒளிஞ்சுக்குது," என்றேன்.

"உளறாத. ஏதாவது கனெக்‌ஷன் லூஸா இருக்கும். என் நிரல் சரிதான்."

மறந்துவிட்ட மீட்டரை எடுக்க வியாழன் காலை நான் தனியாகப் போனேன். குளிர் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே அச்சம்போங் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அன்று காலை பிணமாக வந்த ஒரு லாரி டிரைவர். தலைமாட்டில் நின்று, மெதுவாக, அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

போக்குவாவிடம் சொன்னேன். உடனே வந்தாள்.

"மாமா, எல்லார்கிட்டயும் பேசுவீங்களா?"

"துணைக்கு ஆள் இல்லாம வர்றவங்ககிட்ட மட்டும். பயந்து கிடப்பாங்கம்மா. அடங்குற வரைக்கும் பேசுவேன்."

"எங்க முன்னாடி ஏன் பேசல?"

"உசுரோட இருக்கவங்க கேக்குற பேச்சா அது?"

போக்குவா அகலத் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். காலித் தட்டு ஒன்றில் ஏறிப் படுத்து, துணியைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "இப்ப பேசுங்க மாமா. முடிச்சதும் எப்பவும் போலக் கதவ மூடுங்க." என்னைப் பார்த்து, "நம்பர் தெரியுற வரைக்கும் திறக்காத," என்றாள்.

நான் மடிக்கணினியோடு வாசலில் நின்றேன். அச்சம்போங் அவளைப் பிறந்த கிழமைப் பெயர் சொல்லி, அஜோவா என்று கூப்பிட்டார். யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டார். கொஞ்சம் நிறுத்தினார். "ம், சரி," என்றார். மறுபடி கேட்டார், மறுபடி நிறுத்தினார். பதினொரு நிமிஷம். பிறகு கதவை மூடிவிட்டு, "தூங்கிட்டா," என்றார். அந்த ஆளை அடித்திருப்பேன்.

உள்ளே ஏழு டிகிரிக்கு ஏறியிருந்தது. நிரல் தன் இலக்கை நிமிஷத்துக்குப் பத்தில் ஒரு டிகிரி வீதம் குறைத்து வந்தது. 4.2. 4.1. 4.0. நிற்க வேண்டிய இடம். அடுத்த நிமிஷம் 3.9.

பாய்ந்து கதவைத் திறந்தேன். துணி அசையவே இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"எவ்வளவு?" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

"மூணு புள்ளி ஒம்பது."

எழுந்து உட்கார்ந்தவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தச் சில்லுக்குப் பத்தில் ஒரு பங்கை முழுசாகப் பிடித்து வைக்கத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று ஒட்டும். கதவைச் சீக்கிரம் மூடினால் உள்ளே அதிகம் சூடேறாது; இறங்க வேண்டிய படிகள் கொஞ்சம், பிசிறும் கொஞ்சம். அச்சம்போங் பேசி முடிக்கும்வரை அது திறந்தே கிடந்து, நிறையப் படி இறங்கினால் பிசிறு சேர்ந்து, திரையில் நாலு என்று தெரிவது உள்ளே நாலாக இருக்காது. சரியாக நாலா என்று மட்டும்தான் அவள் கேட்க வைத்திருந்தாள். இல்லை என்று பதில் வந்ததும் அது கீழே போய்க்கொண்டே இருந்தது. நாலோ அதற்குக் கீழோ வந்தால் நில் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே வரி.

வெள்ளிக்கிழமை நிர்வாகி கேட்டார்: "அவர் என்ன பண்ணாரு?"

திறந்து கிடந்த கதவைச் சொன்னால் அச்சம்போங்கின் வேலை அங்கேயே போயிருக்கும். "அவர் ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது," என்றாள் போக்குவா. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் அவள் வாயிலிருந்து கேட்டேன்.

வராந்தாவில் அச்சம்போங் அவள் தலையில் கை வைத்தார். "எதுக்கும்மா ரெண்டாவது தடவ சொல்லிக்கிட்டு? அதான் தட்டுல படுத்துக்கிட்டு அந்தப் பதினொரு நிமிஷமும் இதையேதான சொன்ன."

நான் வாசலிலேயேதான் நின்றிருந்தேன். அச்சம்போங்கின் குரல் மட்டும்தான் கேட்டது. நான் வாய் திறந்தேனா என்பதுபோலப் போக்குவா என்னைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையாட்டினேன்.