அடி வாங்கிய சாமான்கள்

எங்கள் வீட்டில் அடி வாங்காத சாமான் ஒன்றுகூடக் கிடையாது. கிரைண்டர் வாங்கியிருக்கிறது, கேஸ் சிலிண்டர் வாங்கியிருக்கிறது, வாசற்படி அடிக்கடி வாங்கும். கட்டில் கால்தான் ரொம்பப் பாவம். என் மகள் எதன் மேலாவது போய் மோதிக்கொண்டு அழுதால் நான் ஓடிப்போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாரு இடிச்சா என் பொண்ண? இந்தக் கட்டிலா? உன்ன இன்னா பண்றேன் பாரு" என்று அதைப் படார் படாரென்று அறைவேன். முதல் அடி எப்போதும் என்னுடையது. அப்புறம் அவள் முறை. குட்டிக் கையால் நாலு சாத்து சாத்துவாள், அழுகை நின்றுவிடும்.

குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நான் அடிக்கிற அடி கொஞ்சம் ஜாஸ்தி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஷூ கம்பெனியில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வாரம் பூராவும் சூப்பர்வைசர் கத்துவதை வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வருகிறவளுக்குக் கட்டில் காலை அறைவதில் பெரிய நிம்மதி இருந்தது. "நீ அடிக்கிற அடியில கொழந்தைக்கு முன்னாடி கட்டிலு ஆஸ்பத்திரிக்குப் போய்டும்" என்பார் வீட்டுக்காரர். அவருக்கு வாணியம்பாடியில் தோல் மண்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுவார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் மட்டும் ஆம்பூர் பஜாருக்குப் போவோம். நாலு வயதுக் குழந்தையைக் கடைக்குக் கூட்டிப் போவது என்றால், தொடாதே, ஏறாதே, வாயில் வைக்காதே என்று கத்திக்கொண்டே போக வேண்டும். அவள் தொடுவாள், ஏறுவாள், விழுவாள். விழுந்ததும் கடைக்காரர்கள் எழுந்து வருவார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர்களைக் குறை சொல்லக் கூடாது, குழந்தை என்றால் உயிரை விடுவார்கள். ஜவுளிக்கடைக் கண்ணாடிக் கதவு அவள் நெற்றியில் இடித்தபோது கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து கதவை அறைந்தார். காய்கறி விற்கிற அம்மா ஒருமுறை தராசை வாய்க்கு வந்தபடி திட்டி முறத்தால் ஒரு போடு போட்டார்.

ஜூஸ் கடை அண்ணன் இவர்களுக்கெல்லாம் மேல். மேசை முனை அவள் தாடையில் பட்டதற்காக ஈரத்துணியை முறுக்கி மேசையை விளாசு விளாசென்று விளாசி, "இனிமே பாப்பா பக்கம் வருவியா? வருவியா?" என்று கேட்டார். அவள் அழுகையை மறந்து கைதட்டினாள். அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போனால் முதலில் மேசைக்கு ஒரு அடி, அப்புறம்தான் ரோஸ் மில்க். அண்ணனும் அவளைப் பார்த்ததும் மேசையைக் காட்டி, "இன்னிக்கு இன்னும் வாங்கல பாரு" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெண்பிள்ளை திருப்பி அடிக்கத் தெரிந்து வளரட்டும் என்று நினைத்தேன்.

அவளைப் பள்ளியில் சேர்க்கப் போகிற சமயம், கறுப்பு ஷூ வாங்கப் போனோம். செருப்புக்கடை பாய் எடுத்துப் போட்ட முதல் ஜோடியை நான் கையில் வாங்கித் திருப்பினேன்.

"இன்னா பாய், இங்க தையல் தாண்டியிருக்கு. இதப் போய்க் குடுக்குறீங்க?"

"இந்த ஊர்ல ஷூ விக்கிறதே பேஜாரும்மா. வர்றவங்க எல்லாரும் கம்பெனில இருந்து வர்றீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு வேறு ஜோடி எடுத்தார். அது நன்றாக இருந்தது. அவள் அதைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பழைய செருப்பைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். குனிந்து ஷூவையே பார்த்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள்.

எதிரே ஜூஸ் கடை. சாலையைத் தாண்டுவதற்கு முன் பெட்டியைப் பைக்குள் திணிப்பதற்காக அவள் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கடலை வண்டி எங்களை ஒட்டிக்கொண்டு போனது. அதன் சக்கரம் அவள் ஷூ நுனியில் உரசிவிட்டது. காலில் படவில்லை. ஆனால் புது ஷூவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்து, அந்தக் கோட்டைப் பார்த்து வீறிட்டாள். தள்ளுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் வண்டியைச் சாலையின் குறுக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"என் ஷூவ மிதிச்சிட்டு ஓடுது! நில்லு, அடிப்பேன்!"

ஷூவை ஓங்கிக்கொண்டு வண்டியைத் துரத்தி ஓடினாள். நான் கத்தினேன். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் அவளைப் பார்த்ததும் வண்டியை ஒரே திருப்பாகத் திருப்பினான். பைக் சாய்ந்து, சறுக்கி, அவன் கால் மேலேயே விழுந்தது. பின்னால் கட்டியிருந்த முட்டை அட்டை தெறித்துச் சாலை முழுக்க மஞ்சளாக ஓடியது. கைப்பிடியின் முனை அவள் தோளில் லேசாகத் தட்டியதில் அவள் குப்புற விழுந்தாள். இரண்டு முட்டியும் சிராய்த்திருந்தன, அவ்வளவுதான். அவன் திருப்பாமல் இருந்திருந்தால் எனக்கு இன்று மகள் இல்லை. இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மற்றவர்கள் பார்த்தது கீழே விழுந்து அலறுகிற குழந்தையையும் ஒரு பைக்கையும்தான்.

அவன் காலை உருவி எழுவதற்குள் முதல் அடி விழுந்தது. கழுத்தில் நீலப் பட்டையில் கம்பெனி அட்டை தொங்கியது. யாரோ அந்தப் பட்டையைப் பிடித்துச் சுண்டி இழுத்தார்கள். "கொழந்த மேல ஏத்துறியாடா? கண்ணு இன்னா பொடனிலயா இருக்கு?" கன்னத்தில், பிடரியில், முதுகில் கைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒருவர் முட்டியால் வயிற்றில் விட்டார். அவன் உதடு கிழிந்து, பல்லெல்லாம் ரத்தமாக, "அண்ணா, அண்ணா, நான் சொல்றதக் கேளுங்கண்ணா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். உடைந்த முட்டையில் வழுக்கி விழுந்தான். விழுந்தவனை மிதித்தார்கள்.

அந்த நீலப் பட்டை எங்கள் கம்பெனிப் பட்டை. வேறு யூனிட்டில் வேலை செய்கிற பையனாக இருக்க வேண்டும், ஓவர்டைம் முடித்து வீட்டுக்குப் போகிறவன்.

நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தேன். "விடுங்க! அவரு மேல தப்பு இல்ல! என் பொண்ணுதான் குறுக்க ஓடுனா!"

"அக்கா, நீங்க சும்மா இருங்க. பயத்துல பேசுறீங்க."

பயமா, எனக்கா? கையிலிருந்த பையால் அந்த ஆளின் தலையில் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொருவர் முதுகில் குத்தினேன். அவர் என்னை ஒரு கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு மறு கையால் அவனை அறைந்தார். எங்கிருந்தோ ஒரு முழங்கை என் நெஞ்சில் இடித்தது. அப்போதுதான் ஜூஸ் கடை அண்ணனைப் பார்த்தேன். முறுக்கிய ஈரத்துணியால் அவன் முகத்தில் விளாசிக்கொண்டிருந்தார். "இனிமே இந்தப் பக்கம் வருவியா? வருவியா?"

மேசையிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். இவன் இங்கேயே செத்துப்போய்விடுவான் என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது. "விலகுங்கப்பா, பாப்பா வந்திருக்கா" என்றார். கூட்டம் வழிவிட்டது. இரண்டு பேர் அவனைப் பட்டையோடு இழுத்து வந்து எங்கள் முன்னால் மண்டியிட வைத்தார்கள்.

"பாப்பா, இவன்தான இடிச்சான்? நீ ஒண்ணு போடு. நீ போட்டாத்தான் விடுவோம்."

அவள் கையில் இன்னும் அந்த ஷூ இருந்தது. அடிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் அடி என்னுடையது அல்லவா, அதற்காகக் காத்திருந்தாள்.

"இவரு இல்ல பாப்பா. இவரு உன்னக் காப்பாத்துனாரு" என்றேன். உடனே கூட்டம் மறுபடி உறுமியது. பின்னாலிருந்து ஒரு கால் நீண்டு அவன் விலாவில் இறங்கியது. அவன் மூச்சு விட முடியாமல் முன்னால் கவிழ்ந்து, கையை ஊன்றி நிமிர்ந்து, என் மகளை நோக்கி முகத்தை நீட்டினான்.

"அடி பாப்பா" என்றான். "அடிச்சிடும்மா. ஒண்ணும் ஆவாது."

நான் அவனைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவனாக இருப்பான். கண்ணாலேயே கெஞ்சினான். குனிந்து அவள் காதில், "அடி" என்றேன்.

அவள் அடித்தாள். மெல்ல அல்ல. கட்டிலை எப்படி அடிப்பாளோ அப்படி, முழு பலத்தோடு, ஷூவால் அவன் வாயில். கிழிந்திருந்த உதட்டிலேயே பட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கூட்டம் "ஹே" என்று சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். "போதும் விடுப்பா, பாப்பாவே குடுத்துட்டா" என்றார் ஒருவர். பிடித்திருந்த கைகள் விலகின. முடிந்தது.

அதற்கப்புறம் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். பைக்கை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். செருப்புக்கடை பாய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து, "அல்லா, இன்னா அடி அடிச்சிருக்காங்க" என்று அவன் முகத்தைக் கழுவிவிட்டார். நான் ஊருக்கே கேட்கிற மாதிரி, "இவரு வண்டியத் திருப்புனதாலதான் என் பொண்ணு உசுரோட இருக்கா. தெரிஞ்சிக்கோங்க" என்று கத்தினேன். சிலர் மெதுவாக நகர்ந்தார்கள். ஜூஸ் கடை அண்ணன் ஒரு தம்ளர் ரோஸ் மில்க்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, "தப்பா நெனைக்காத தம்பி. கொழந்தன்னதும் கை தானா போய்டுச்சு" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவனால் உதட்டைக் குவிக்க முடியவில்லை, தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

போகும்போது என்னிடம் கேட்டான். "பாப்பாவுக்கு வேற எங்கயும் அடி இல்லியே அக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மன்னிச்சிடு என்ற சொல் வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. கோணிப்போன கைப்பிடியோடு வண்டியை உருட்டிக்கொண்டே போனான். என் மகள் அவனுக்கு டாட்டா காட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஷூவைத் துடைத்தேன். தோலில் பட்ட ரத்தம் ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. தையல் நூலில் ஊறியது போகவில்லை. பழைய பிரஷ் வைத்துத் தேய்த்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு நூல்தான், வேறு யாருக்கும் தெரியாது. தையல் பார்த்துப் பழகிய என் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டேன். எரிகிறது என்று துள்ளிக் குதித்து ஓடியவள் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். நெற்றியில் நல்ல அடி. வீல் என்று கத்தினாள். நான் ஓடினேன், தூக்கினேன், இடுப்பில் வைத்தேன். பழக்கம் விடுமா? "யாரு இடிச்சா என் பொண்ண?" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது, கை பாட்டுக்கு ஓங்கிவிட்டது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதம்மா" என்றாள். "அதுக்கு ரத்தம் வரும்."