என் கம்பைலரை எடுத்துவிட்டார்கள்

நண்பர்களே, நேற்று என்னை ப்ராஜெக்ட் லீடர் ஆக்கினார்கள். இன்று காலை அடையாறு ஆபீசில் என் கம்ப்யூட்டரிலிருந்து, எழுதிய ப்ரோக்ராமை ஓடவைக்கும் கம்பைலரை அழித்துவிட்டார்கள். இருப்பது ஒரே லைசென்ஸாம், இனி என் ப்ரோக்ராமை எழுதப்போகும் ரமேஷுக்கு அது வேண்டுமாம்.

மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். "சார், நான் எழுதினது. தப்பு வந்தா யார் பாக்கறது?"

"அவன் பாப்பான். எப்போ முடிப்பான்னு கேக்கறதுதான் உன் வேலை. லீடர் ஆயிட்டு இன்னும் கோட் எழுதிண்டு இருந்தா எப்படிப்பா?"

மதியமே ரமேஷ் என் ப்ரோக்ராமில் மாட்டிக்கொண்டு முழித்தான். தப்பு எந்த வரியில் என்று எனக்குத் தெரியும். கீபோர்டை நோக்கிக் கை நீட்டினேன்.

"விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான். நேற்றுவரை என்னை மச்சி என்று கூப்பிட்டவன்.

வாழ்த்து மெயில் அனுப்பாதீர்கள். ப்ரமோஷன் வேண்டாம் என்று சொல்லியும் வேலை போகாமல் தப்பித்தவர் உங்களில் எவராவது இருந்தால் மட்டும் எழுதுங்கள்.