நன்றியுரைக்குப் பிறகு வந்த வாக்கெடுப்பு

இரண்டு கிழமைக்கு முன் நம் தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதினேன். வழமையான பத்தி இல்லை — உண்மையான செய்தி!

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கோல்டிங் நகரில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காய்கறிப் பாத்திகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுக் கார் பார்க்கிங் போடலாமா? குடியிருப்பாளர்களிடம் வாக்கெடுப்பு. என் கீரைப் பாத்தியும் அதற்குள்தான்!

அதற்கான விளக்கக் கூட்டத்துக்கு நானும் போனேன். கூச்சம். மூலையில் இருந்து கேட்டுவிட்டு வந்து, நம் விழாச் செய்திகளை எழுதுகிற மாதிரியே எழுதினேன். தலைவர் வரவேற்றார். இன்னார் இன்னார் வந்தார்கள். கோப்பி, கேக். நன்றியுரை. அதற்கும் பிறகு, செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு என்று ஒரு வரி.

மேல்மாடிப் பத்மா அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கேக் வரைக்கும் கேட்டார்.

“நல்லாய் நடந்திருக்குப் பிள்ளை. என்ரை சோறு குழையப்போகுது, வைக்கிறன்.”

வைத்தே விட்டார்!

பத்திரிகை ஆசிரியர் ரவிக்கு அனுப்பினால், அவருக்குச் சிரிப்பு.

“அக்கா, வாக்கெடுப்பு எங்கை?”

“கடைசியிலை இருக்குத் தம்பி.”

“சனம் கேக்கோடை எழும்பிப் போயிடும் அக்கா! என்ன கேக்கினம், எப்ப, எங்கை எண்டு முதல் வரியிலை போடுங்கோ. பிறகு ரெண்டு பக்க நியாயமும்.”

“ரெண்டு பக்கமுமோ? என்ரை கீரை...”

“கீரைக்கு உங்கடை பத்தி இருக்கு. இது செய்தி.”

கத்தரிக்கோலால் தாளை வெட்டி, துண்டுகளைக் குசினி மேசையில் மாற்றி மாற்றி வைத்தேன். செவ்வாய்க்கிழமை மேலே ஏறியது. கேக் குப்பைக்குப் போனது. இரண்டாம் பந்தியில் பாத்திக்காரரின் நியாயம். மூன்றாம் பந்தியில் — மனமில்லாமல்தான் — காரை எங்கோ விட்டுவிட்டுச் சாமான் பைகளோடு மழையில் நடக்கிறவர்களின் கஷ்டம்.

மறுபடி பத்மா அக்கா. இந்த முறை சோற்றை மறந்து முழுவதும் கேட்டார்.

“செவ்வாயோ? கட்டாயம் வருவன். எல்லாருக்கும் சொல்லுறன்.”

சொன்னார். செவ்வாயன்று, வாக்களிப்பு நடந்த பொதுமண்டப வாசலில் நம் சனம் வரிசையாக! எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாக்குப் போட்டுவிட்டு வந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

“நீ எழுதினதாலைதான் பிள்ளை எனக்கு விளங்கிச்சு. என்ரை மகன் கார் விட இடமில்லாமல் எவ்வளவு அலையிறான்! நான் பார்க்கிங்குக்குத்தான் போட்டனான்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் பாத்திகள் தப்பின. நேற்றுக் கீரை கேட்டு முதல் ஆளாக வந்தது யார்? பத்மா அக்காவேதான்!

ஒரு பிடி பறித்துக் கொடுத்தேன். கார்க்காரருக்காக அந்த மூன்றாம் பந்தியை எழுதினவளும் நான்தானே...