கழியைத் தொட்ட கை

வியாழன், காலை 4.45. டாக்குரியா.

நான் கிளம்பும்போது கோபமாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபப்படுவதற்கென்றே அந்தமான் போய் வந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

டாக்சி டிக்கியில் என் நீளக் குழாயைக் குறுக்காகச் செருகியபோது ஓட்டுநர் "தீதி, பொந்தூக் நாகி?" என்று வங்காளத்தில் கேட்டார். துப்பாக்கி இல்லை, தூண்டில் என்றேன். மீன் பிடிக்க அந்தமானா, நம் கங்கை என்ன பாவம் செய்தது என்று பைபாஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். விமான நிலையம் இருபத்து நான்கு கிலோமீட்டர், 640 ரூபாய். அந்தப் பயணத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான். அடுத்த ஆளைப் பார்க்க மூன்று நாள் ஆயிற்று.

விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த பையன் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "சார் கிதர் ஹை?" என்றான். சார் டாக்குரியாவில் தூங்குகிறார் என்றேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது, சால்ட் லேக்கில் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருட வேலை. என் பெட்டிக்கு ஒரு சார் தேவையா?

இந்தத் தூண்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் புழு கிடையாது, இரை கிடையாது. கொக்கியில் இறகையும் மினுக்கு நூலையும் சுற்றிச் சின்ன மீன் மாதிரி கட்டுவோம். அதற்கு எடையே இல்லாததால் கனமான நூலை முன்னும் பின்னும் வீசித்தான் அதைத் தண்ணீரில் கொண்டுபோய்ப் போட முடியும். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும். ஏழு வருடங்களுக்கு முன் ஹிமாச்சலில் ஆற்றங்கரையில் ஒரு மனிதர் இப்படி வீசிக்கொண்டிருந்ததை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கழியை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் யாரும் என்னைத் திருத்தவில்லை. அந்த அரைமணிக்காகத்தான் இத்தனையும்.

பிறகு மூன்று வருடம், காலை ஆறு மணிக்கு, டாக்குரியா ஏரிக்கரைப் புல்லில் கொக்கியை நறுக்கிவிட்டு வீசிப் பழகினேன். நடைபயிற்சிக்கு வரும் காக்குக்கள், அதாவது அக்கம்பக்கத்து மாமாக்கள், நின்று, "காஷே கீ மாச் தோர்சேன், தீதி?" என்பார்கள். புல்லில் என்ன மீன் பிடிக்கிறேனாம். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது கடலில் ஒரே ஒரு மீன். பெரியதோ சிறியதோ, வேறு யார் கையும் படாமல், நானாகப் பிடித்த ஒன்று.

வியாழன், காலை 10.20. போர்ட் பிளேர்.

ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, எனக்கும் டாக்சிக்காரர்களுக்கும். வெளியே ஒருவர் 'மிஸ்டர் ஆர். கீதா' என்ற அட்டையோடு நின்றார். விமானத்தில் வந்த ஆண்களையெல்லாம் ஒவ்வொருவராக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்த மிஸ்டர் என்றேன்.

வழிகாட்டியின் பெயர் கார்த்திக். சென்னைக்காரர், முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரர். தமிழ் என்றதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"அங்கிள் வரலையா ஆன்ட்டி?"

"வரலை. அவருக்குக் கடல்னா வாந்தி."

"அப்ப ராட் யாரு பிடிக்கப் போறாங்க?"

மூன்று நாள் மீன்பிடிப்பு, தங்குமிடம், படகு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய், விமானம் தனி. அவ்வளவும் கட்டிவிட்டு வாசலிலேயே இந்தக் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு 60 ரூபாய்க்கு இளநீர் குடித்தேன்.

வெள்ளி. லாங் ஐலண்ட்.

காலை 6.15-க்கு அரசுக் கப்பல். வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். தீவில் கார் இல்லை. படகுத்துறையிலிருந்து விடுதிக்குப் பதினைந்து நிமிட நடை, இரண்டு பக்கமும் காடு. கடல் அவ்வளவு தெளிவாக இருந்ததில் என் கோபம் அன்று மாலைவரை தலைகாட்டவில்லை.

மாலையில் விதிகள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். நான்காவது விதி: மீன் மாட்டிய பிறகு, பிடிப்பவரைத் தவிர வேறு யாரும் கழியைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த மீன் பிடித்தவருடையது ஆகாது. இந்த வகை மீன்பிடிப்பில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன்.

சனி, காலை 8.00.

படகில் ஐம்பது நிமிடம். முழங்கால் ஆழத்தில் மைல்கணக்கில் பரந்த மணல் திட்டு. படகோட்டி நிர்மல், ரங்கத் ஊரில் குடியேறிய வங்காளிக் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். கார்த்திக்குக்கு வங்காளம் தெரியாது, நிர்மலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டுபேருக்கும் நடுவில் உடைந்த இந்தி. எனக்கு இரண்டும் தெரியும்.

கார்த்திக் என் கழியை வாங்கி, நூல் கோத்து, இறகைக் கட்டி, தானே ஒருமுறை வீசிக் காட்டி, மறுபடி வீசி, மூன்றாம் முறையும் வீசினார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி, காத்து ஜாஸ்தி."

காற்று ஜாஸ்திதான். ஏரிக்கரையில் எனக்குக் காற்றைப் பழக்கியவர் யாரும் இல்லை. என் நான்காவது வீச்சில் நூல் என் கழுத்தையே சுற்றிக்கொண்டது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நானே பிரித்திருப்பேன். அதற்குள் அவர் வந்து பிரித்தார். தொப்பியைச் சரிசெய்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஐம்பது வருடமாக நான் பாட்டில் திறந்து வருகிறேன்.

ஞாயிறு, காலை 10.20.

பாரை மீன் ஒன்று வந்தது. கருத்த முதுகு, ஒரு திருக்கைக்குப் பின்னாலேயே மணலைக் கலக்கிக்கொண்டு வந்தது. வீசினேன். காற்றுக்குக் கீழாக, தாழ்வாக, நேற்று மாலை முழுக்கப் பழகியபடி. இறகை இழுத்தேன். மீன் திரும்பியது. பிடித்துக்கொண்டது.

அந்தக் கணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? சொல்ல எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. நூல் ஓடத் தொடங்கி நான்கு வினாடி இருக்காது, "விடுங்க ஆன்ட்டி, விடுங்க, போயிடும், நான் பாத்துக்கறேன்!" என்று என் விரல்களைப் பிரித்துக் கழியைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கித்தான். வேறு சொல் கிடையாது.

பன்னிரண்டு நிமிடம் அவர் மீனோடு போராடினார். நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அருகில் இழுத்துத் தராசில் தொங்கவிட்டு, "பதினோரு கிலோ! கங்கிராட்ஸ் ஆன்ட்டி! வாங்க, பிடிங்க, போட்டோ!" என்றார்.

"அது உங்க மீன்."

"சும்மா விளையாடாதீங்க ஆன்ட்டி."

தொப்பியிலிருந்து தாளை எடுத்து நான்காவது விதியைச் சத்தமாகப் படித்தேன். நடுக்கடலில், முழங்கால் தண்ணீரில்.

"அதெல்லாம் ரெக்கார்டுக்கு ஆன்ட்டி. நாம ஜாலிக்குத்தானே வந்திருக்கோம்? மீன் போயிருந்தா நீங்கதான் ஃபீல் பண்ணியிருப்பீங்க."

"ஃபீல் பண்ணத்தாங்க ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் வந்தேன்!"

அதற்குள் அவர் மீனை என் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார், அவர் சொன்னபடி நிர்மல் அவருடைய போனில் பட்டனை அழுத்திவிட்டார். மீன் தண்ணீருக்குப் போனது. மதிய உணவை நான் தொடவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

திரும்பும் வழியில் கார்த்திக் படகின் முன்பக்கம் போனை நோண்டிக்கொண்டிருந்தார். நிர்மல் எஞ்சினுக்கு மேலாகக் குனிந்து வங்காளத்தில், "மாச்டா ஓர், தீதி, அப்னார் நா," என்றார். மீன் அவருடையது, உங்களுடையது இல்லை. மூன்று நாளில் நியாயத்தைப் பேசிய முதல் வாய். கழியைப் பிடித்தவர்கள் எல்லாரிடமும் கார்த்திக் இப்படித்தானா என்று கேட்டேன். இல்லையாம். ஆண்களிடம் பேச்சு மட்டும்தானாம்.

என்ன செய்யலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஓர் துய் ஹாதே கிச்சு தொரியே தின்," என்றார். அவருடைய இரண்டு கையிலும் எதையாவது கொடுத்துவிடுங்கள்.

திங்கள், காலை 9.30.

கடைசி நாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. திட்டில் இறங்கியதும் நிர்மல் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். சுளுக்காம். ஏறும் நீரில் படகை யாராவது பிடித்தாக வேண்டும், நங்கூரம் மணலில் நிற்காது. படகுக் கயிற்றைக் கார்த்திக்கின் வலது கையில் சுற்றிக் கொடுத்தார். நான் என் கேமராவை இடது கையில் கொடுத்தேன். "நீங்க எடுத்தாதான் போட்டோ நல்லா வருது," என்றேன். அவருக்குப் பெருமை.

இருபது மீட்டர் தள்ளித் தனியாக நின்றேன். 9.50-க்கு ஒன்று வந்தது. நேற்றையதைவிடப் பெரியதா தெரியாது, அளந்து பார்க்க யாரும் இல்லை. வீசினேன், இழுத்தேன், மாட்டியது. ரீல் அலறியது. நூல் என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

"ராட்டைத் தூக்குங்க ஆன்ட்டி! தூக்காதீங்க! ரைட்ல போங்க!"

எதையும் கேட்கவில்லை. நானும் மீனும் மட்டும். நான் நடந்தேன், அது ஓடியது. நான் இழுத்தேன், அது நின்றது. மூச்சு வாங்கியது, சிரித்தேன், கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னேன், வங்காளத்தில். பவளப்பாறை விளிம்பு நெருங்கியபோது பயந்துபோய் ரீலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துவிட்டேன். அப்படிச் செய்யக்கூடாது. நூல் டப்பென்று அறுந்தது.

பின்னால் தண்ணீர் சளசளவென்று சிதறியது. கார்த்திக் ஓடி வந்துகொண்டிருந்தார், இரண்டு கையையும் என் கழிக்காக நீட்டிக்கொண்டு. கேமரா கழுத்தில் தொங்கியது.

"ஐயோ ஆன்ட்டி! நான் பிடிச்சிருந்தா லேண்ட் பண்ணியிருப்பேன்!"

"தெரியும்," என்றேன். "படகு எங்க?"

படகு ஆழத்தை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சுளுக்குக் கால் நிர்மல் பாய்ந்து நீந்திப் போய் அதைப் பிடித்தார். அந்தத் திட்டில் நின்று நான் ஓவென்று அழுதேன். ஏமாற்றத்தில்தான் அழுதேன். ஆனால் அந்த ஏமாற்றத்தில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. விட்டது என் கை.

புதன், மாலை 4.10. டம் டம் விமான நிலையம்.

என் கணவர் ரகு வாசலில் நின்றார். "விடு, நான் தள்ளறேன்," என்று தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார்; மீன்பிடி நிறுவனம் நேராக அவருக்கே அனுப்பியிருக்கிறது. கார்த்திக் நீட்டிய மீன், பக்கத்தில் கடுகடுவென்று நான். கீழே 'நம்ம கீதா, பதினோரு கிலோ!' மதுரையிலிருந்து பெங்களூர்வரை கைதட்டல்.

நின்ற இடத்திலேயே எழுதினேன்: 'இது என் மீன் இல்லை. என் மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது.'

"எதுக்கு இப்படி எழுதற? எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. கொடு, நான் மாத்தறேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "சாவியைக் கொடுங்க. நான் ஓட்டறேன்."

இருபத்திரண்டு வருடமாக எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. அத்தனை வருடமும் நான் ஓட்டும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையைக் கைப்பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டே வருவார். நானும் அதைக் காரின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன். பைபாஸில் ஏறினோம். ஒரு பஸ் குறுக்கே வந்தது. அவர் வலது கை கைப்பிரேக்கை இறுகப் பிடித்தது.

"கையை எடுங்க," என்றேன்.

பஸ் போனது. எனக்கு வழி கிடைத்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், டாக்குரியாவரை அங்கேயே வைத்திருந்தார்.